அறிவியலும் பிறமொழிப் பயிற்சியும்

மனிதன் தேடிப் பெற்ற செல்வங்களுள் தலைசிறந்தவை இரண்டு. ஒன்று, இயற்கையை உள்ளவாறு உணரும் அறிவு. மற்றொன்று, உணர்ந்ததைப் பிறர்க்கு உணர்த்தும் மொழி. முன்னதை வளர்ப்பது அறிவியல்; பின்னதை வளர்ப்பன இலக்கணமும் இலக்கியமும். இவை இரண்டும் ஒரு தாய் வயிற்றில் பிறந்த உடன்பிறப்புகள். ஆயினும், கல்லூரி வாயிலை மிதிக்கும் இளைஞருள் பலர் இவற்றை ஒன்றோடொன்று ஒவ்வாதன என்றே எண்ணுகின்றனர். 'வேதியியல் பயில்வோனுக்கு மொழிப்பாடம் எதற்கு? பொறியியல் பயில்வோனுக்குப் பிறநாட்டு மொழி எதற்கு?' என்னும் வினாக்கள் எங்கும் கேட்கப்படுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழ்நாட்டு நகரம் ஒன்றின் அன்றாட வாழ்வே தக்க விடை பகரும்.

கொங்கு நாட்டில், நொய்யல் ஆற்றின் கரையில் அமைந்த நகரம் திருப்பூர். 1932ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நாட்டின் கொடியைக் கைவிடாது அடிபட்டு உயிர் நீத்த குமரனால் அந்நகரின் பெயரை நாடு அறிந்தது. பின்னலாடையால் அதனை உலகம் அறிந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சில பின்னற்பொறிகளோடு தொடங்கிய பனியன் தொழில், நெடுங்காலம் உள்நாட்டுச் சந்தையிலேயே ஊன்றி நின்றது. 1970களின் இறுதியில் இத்தாலி நாட்டு வணிகர் வரத் தொடங்கிய பின்னர், அது கடல் கடந்து ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் எட்டிற்று. 1990இல் ஏற்றுமதியாளர் தமக்கெனச் சங்கம் ஒன்றை அமைத்தனர். 2009இல் திருப்பூர் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று.

அந்நகரில் ஒரு பனியன் உருவாகும் வழியைச் சற்றே நோக்குக. ஆலையிலிருந்து வந்த பருத்தி நூல், வட்டப் பின்னற்பொறியில் குழாய் வடிவான துணியாகிறது. அத்துணி சாயப்பட்டறைக்குச் சென்று வெளுக்கப்பெற்று நிறம் பெறுகிறது. பின்னர்ப் பதப்படுத்தப்பெற்று, வெட்டப்பெற்று, ஓவர்லாக், பிளாட்லாக் முதலிய தையற்பொறிகளில் தைக்கப்பெற்று, செக்கிங், அயர்ன், பேக்கிங் ஆகிய படிகளைக் கடந்து பெட்டிக்குள் புகுகிறது. பின்னற்பொறிகளுள் பல ஜெர்மனியிலும் தைவானிலும் செய்யப்பட்டவை. தையற்பொறிகளுள் பல ஜப்பானிய நிறுவனங்களுக்கு உரியவை. துணியைப் பதப்படுத்தும் பொறிகளுள் சில இத்தாலியிலிருந்து வந்தவை. உழைப்போருள் தமிழரோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம் முதலிய மாநிலத்தவரும் இருக்கின்றனர். வாங்குவோரோ பல நாட்டினர். ஆகவே, ஒரு சிறு பனியன் பெட்டிக்குள் அடங்குவதற்கு முன்னரே பல மொழிகள் அதனைத் தொட்டு விடுகின்றன.

'பனியன்' என்னும் சொல்லே பல மொழிகளைத் தொட்டு வந்ததுதான். மேலை இந்திய வணிக மக்களைக் குறித்த குஜராத்திச் சொல் ஒன்று, அராபியர் நாவிலும் போர்ச்சுகீசியர் நாவிலும் பயின்று ஆங்கிலத்துள் புகுந்தது. அங்கு முதலில் வணிகரைக் குறித்து, பின்னர்த் தளர்ந்த மேலுடையைக் குறித்து, இறுதியில் உள்ளுடையைக் குறித்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். இந்நாட்டிலிருந்து சென்ற சொல் உடையாக மாறி இந்நாட்டிற்கே மீண்டது எனலாம்.

சாயப்பட்டறையின் சொற்களும் இத்தகையனவே. சாய வேதியியலின் அடிப்படைப் பொருள்களுள் ஒன்று அனிலின். நீலம் என்னும் வடசொல் அராபிய மொழிக்குச் சென்று, அங்கிருந்து போர்ச்சுகீசிய மொழியில் 'அனில்' என்று வழங்கி, அவுரியின் பெயராயிற்று. அவுரி நீலத்திலிருந்து கிடைத்த பொருளுக்கு ஜெர்மானிய அறிஞர் பிரிட்சே என்பார் 1840ஐ ஒட்டி 'அனிலின்' எனப் பெயர் சூட்டினார். 'அசோ' வகைச் சாயங்கள் என்னும்போது அங்கு நிற்பது பிரெஞ்சுச் சொல். நைட்ரஜனுக்குப் பிரெஞ்சு அறிஞர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'அசோட்' என்று பெயரிட்டனர். உயிர்வாழ்வுக்கு உதவாதது என்பது அதன் பொருள். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்து நிற்பதே அச்சாயங்களின் உயிர்நிலை. இதனை அறிந்து பயிலும் மாணவனுக்கு அச்சொல் மனப்பாடச் சுமையாகாது. பொருளையே விளக்கும் கைவிளக்காகும்.

இனி, கல்லூரிகளில் நிகழ்வதைக் காண்போம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இளநிலை அறிவியல் பயில்வோர்க்கு முதற்பகுதியில் தமிழோ பிறிதொரு மொழியோ ஒரு பாடம். இரண்டாம் பகுதியில் ஆங்கிலம். மூன்றாம் பகுதியில் அவரவர் சிறப்புப்பாடம். 1982இல் தோன்றிய பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த திருப்பூர்க் கல்லூரிகளிலும் இம்முறையே வழங்குகிறது. இது முன்னோர் நன்கு எண்ணி வகுத்த முறை. அறிவியல் மாணவன் மொழியறிவு இன்றி வெளியேறலாகாது என்னும் கருத்தே இதன் அடிப்படை. ஆயினும், நல்ல முறையும் நோக்கம் மறந்தால் வெறுஞ்சடங்காய் முடியும். மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்ற ஒரே காரணத்தால் தமிழை விடுத்துப் பிரெஞ்சு முதலிய மொழியைத் தேர்ந்து, எழுத்துகளிலிருந்து தொடங்கும் எளிய பாடத்தை நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்து விடுவோர் பலர். இவர்கள் தாய்மொழியையும் வளர்த்தாரல்லர், பிறமொழியையும் பெற்றாரல்லர். இரு படகுகளில் கால்வைத்து இரண்டையும் நழுவவிட்டவர் நிலையே இவர்கள் நிலை.

பிறமொழிப் பயிற்சி அறிவியல் மாணவனுக்கு உண்மையாகவே வேண்டும். அது மதிப்பெண்ணுக்கு உரிய அணிகலனாக அன்றி, அறிவுக்கு உரிய கருவியாக வேண்டும். இதுவே இங்கு வலியுறுத்தப்படும் கருத்து.

'அறிவியல் நூல்கள் எல்லாம் ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றன. அஃது ஒன்றே போதாதா?' என்பார் உளர். இவ்வினாவில் உண்மை இல்லாமல் இல்லை. இக்காலத்து ஆராய்ச்சிக் கட்டுரைகளுள் மிகப் பெரும்பாலான ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. ஆயினும், இந்நிலை என்றும் இருந்ததன்று. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை, வேதியியல் ஆராய்ச்சியில் புகுவோர் ஜெர்மன் மொழியைப் படித்தறியும் அளவேனும் கற்றல் பல நாடுகளில் வழக்கமாய் இருந்தது. கரிமச் சேர்மங்களைத் தொகுத்துக் கூறும் பெருநூலாகிய பெயில்ஸ்டைன் தொகுப்பு, 1881 முதல் ஏறத்தாழ நூறாண்டுகள் ஜெர்மன் மொழியிலேயே வெளிவந்தது. 1980களில்தான் ஆங்கிலத்துக்கு மாறிற்று. அறிவு எம்மொழியில் ஓங்கி நிற்கும் என்பதை எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. இன்று உள்ளது நாளையும் உண்டு என்று எண்ணி வாளாவிருத்தல் அறிவுடைமை ஆகாது.

மேலும், அறிவு கைமாறுந்தோறும் மாசு படிதலும் உண்டு. 1869இல் ருசிய அறிஞர் மெண்டலீவ் தனிமங்களின் ஆவர்த்தன விதியை ருசிய மொழியில் வெளியிட்டார். தனிமங்களை அணு எடையின் வரிசையில் அமைத்தால், அவற்றின் பண்புகள் ஒரு குறிப்பிட்ட முறைப்படி மீண்டும் மீண்டும் வரும் என்பதே அவர் கண்ட உண்மை. அக்கட்டுரையின் சுருக்கம் அதே ஆண்டில் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. ஆனால், 'மீண்டும் மீண்டும் வருதல்' என்னும் பொருள்பட வேண்டிய இடத்தில் 'படிப்படியாக மாறுதல்' என்னும் பொருளுடைய சொல் அமைந்து விட்டது. ஒரு சொல்தான் பிழைத்தது. ஆனால் அந்த ஒரு சொல்லே அவ்விதியின் உயிர். பின்னாளில், இவ்விதியை முதலில் கண்டவர் மெண்டலீவா, ஜெர்மானிய அறிஞர் லோதர் மேயரா என்னும் பூசல் எழுந்தபோது, இப்பிழையும் அதில் இடம்பெற்றது. ருசிய மொழி அறிந்தோர்க்கு மூலம் தெளிவாக விளங்கிற்று. அறியாதோர் பிறர் தந்த சுருக்கத்தையே நம்ப வேண்டியவராயினர்.

மூலத்தை நாடிச் சென்றோர் பெற்ற பயனுக்கு ஜப்பானியர் வரலாறு தக்க சான்று. 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு மருத்துவர் பழைய சீன நூல்களின்படியே உடலுறுப்புகளை அறிந்து வந்தனர். 1771இல் சுகித்தா கென்பாக்கு, மயேனோ ரியோத்தாக்கு முதலிய மருத்துவர் சிலர், தண்டனை பெற்று இறந்த ஒருவர் உடல் அறுக்கப்படுவதைக் கண்டனர். அவர்கள் கையில் டச்சு மொழியில் அமைந்த உடற்கூற்று நூல் ஒன்று இருந்தது. கண்முன் தோன்றிய உறுப்புகள் பழைய நூல்களோடு ஒவ்வாமல், டச்சு நூலின் படங்களோடு ஒத்திருந்தன. அந்நூலை மொழிபெயர்ப்பது என்று அவர்கள் உறுதி பூண்டனர். அவர்களுள் மயேனோ ஒருவரே டச்சு மொழியைச் சிறிதளவு அறிந்தவர். ஒரு தொடருக்குப் பொருள் காண ஒரு நாள் முழுதும் கழிந்ததும் உண்டு. எனினும், ஊக்கம் தளராது உழைத்து, 1774இல் அந்நூலைத் தம் நாட்டினர் படிக்குமாறு வெளியிட்டனர். புதிய மருத்துவம் ஜப்பானில் வேரூன்ற அம்முயற்சி வழிவகுத்தது. பிறமொழியைக் கற்றது பெருமை பேசுவதற்கன்று. கண்ட உண்மையைத் தம் மக்கட்கு வழங்குவதற்கே. திருப்பூரில் ஓடும் ஜப்பானியத் தையற்பொறிகளைக் காண்போர், அந்நாட்டின் தொழில் வளத்திற்குப் பின்னே இத்தகைய மொழியுழைப்பு நின்றதை நினைவு கூர்தல் தகும்.

இந்திய நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. வங்கத்தைச் சேர்ந்த மேகநாத சாஹா, சத்தியேந்திரநாத் போஸ் ஆகிய இருவரும் இளம்பருவத்திலேயே ஜெர்மன் மொழியைப் பயின்றவர்கள். ஐன்ஸ்டைனின் சார்பியற் கொள்கை உலகெங்கும் பேசப்பட்ட காலத்தில், அவருடைய கட்டுரைகள் ஜெர்மன் மொழியிலேயே இருந்தன. அவற்றை இவ்விருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். 1920இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அந்நூலை வெளியிட்டது. நான்காண்டுகள் கழிந்தன. 1924இல் டாக்காப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய போஸ், ஒளித்துகள்களைப் பற்றிய சிறு கட்டுரை ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். அதனைத் தாமே ஜெர்மனில் பெயர்க்கும் அளவு தமக்கு அம்மொழியில் பயிற்சி இல்லை என்றும் மறைக்காமல் எழுதினார். அதன் சிறப்பை உணர்ந்த ஐன்ஸ்டைன், தாமே மொழிபெயர்த்து ஜெர்மன் இதழில் வெளிவரச் செய்தார். போஸ் பெயரை இன்றளவும் இயற்பியல் போற்றுவதற்கு அக்கட்டுரையே காரணம்.

இந்நிகழ்ச்சியில் மாணவர் உணரத்தக்கவை இரண்டு. போஸ் ஜெர்மன் மொழியில் பெரும்புலவர் அல்லர். எழுதும் ஆற்றல் அவர்க்குக் குறைவே. ஆயினும், படித்துணரும் ஆற்றல் இருந்தது. அதுவே அவரைப் புதிய இயற்பியலின் மூலநூல்களிடம் கொண்டு சேர்த்தது. எனவே, அறிவியல் மாணவன் பிறமொழியில் கவி பாட வேண்டுவதில்லை. தன் துறை நூலின் ஒரு பக்கத்தைத் தானே படித்து உணர்ந்தாற் போதும். இஃது ஒன்று. மற்றொன்றும் உண்டு. பிறமொழிகளைக் கற்ற அதே போஸ், அறிவியலைத் தாய்மொழியிற் பரப்புவதற்காக 1948இல் வங்கீய விஞ்ஞானப் பேரவையைத் தோற்றுவித்தார். பிறமொழியறிவு அவர்தம் தாய்மொழிப் பற்றைக் குறைக்கவில்லை. அப்பற்றுக்குத் துணையே செய்தது.

மீண்டும் நொய்யற்கரைக்கு வருவோம். வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிக் காவிரியோடு கலக்கும் நொய்யல், கொங்கு நாட்டு வயல்களை ஊட்டி வளர்த்த ஆறு. பருத்தித் துணிக்குச் சாயமேற்றும் முறையில் நீரும் உப்பும் பெருமளவில் வேண்டப்படுகின்றன. துணி பற்றாத சாயமும் உப்பும் கழிவுநீரில் தங்கி விடுகின்றன. அந்நீர் தூய்மை செய்யப்படாமல் ஆற்றில் கலந்த காலத்தில், 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. உழவர் முறையிட்டனர். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரை வெளியேற்றாத நிலையை எய்தும் வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. அதன் பின்னர், கழிவுநீரை வடித்துப் பிரித்து, நீரையும் உப்பையும் மீட்டுப் பயன்படுத்தும் முறை அங்கு நிலைபெற்றது.

சாயப்பொருளின் கேடு ஆற்றோடு நிற்பதன்று. அணிபவர் உடலையும் அது தாக்கக்கூடும். அசோ சாயங்களுள் சில சிதைந்து புற்றுநோய் விளைக்கும் பொருள்களை வெளியிடும் என்று கண்டறியப்பட்டது. ஆதலின், 1994இல் ஜெர்மனி அத்தகைய சாயமேற்றிய துணிகளுக்குத் தடை விதித்தது. 1997இல் இந்திய அரசும் எழுபது அசோ சாயங்களுக்குத் தடை விதித்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் இவ்விதியைத் தன் நாடுகள் அனைத்திற்கும் விரித்தது. கேடு பயக்கும் அமீன் ஒன்று ஒரு கிலோகிராம் துணியில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது அதன் அளவு. ஜெர்மனியில் பிறந்த அச்சட்டம் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டது. அதன் பயனோ திருப்பூர்ச் சாயப்பட்டறையில் உணரப்பட்டது. வேதியியல் அறிந்து மொழி அறியாதவன், இத்தகைய விதியின் விளக்கம் பிறர் வாயிலாக வந்தடையும் வரை காத்திருத்தல் வேண்டும். மொழி அறிந்து வேதியியல் அறியாதவன், சொல்லைப் படிப்பான்; அமீன் எது, அளவு எது, சோதனை எது என்பவற்றை உணரான். இரண்டும் ஒருங்கே அறிந்தவனே விதி பிறந்த நாளிலேயே அதன் பொருளைத் தன் ஊருக்கு எடுத்துரைக்க வல்லவன்.

பிறமொழி என்றதும் ஐரோப்பிய மொழிகளை மட்டும் எண்ணுதல் குறைவுடையது. திருப்பூரில் பிழைப்பு நாடி வந்தோர் பேசும் ஒடியா, வங்காளம், இந்தி முதலியனவும் வாழும் மொழிகளே. சாயப்பட்டறையில் எரிசோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அன்றாடம் கையாளப்படுகின்றன. கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுக்காற்று சேர்தலும் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் உடைய அக்காற்று, அளவு மிகுந்தவிடத்து மூக்கின் உணர்வையே மரக்கச் செய்யும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குவோன் உயிரிழப்பான். இவ்வுண்மையை வேதியியல் கற்ற மேற்பார்வையாளன் அறிவான். ஆனால், ஒடிசாவிலிருந்து முந்தின வாரம் வந்த இளைஞன் அதனை எவ்வாறு அறிவான்? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பான்மையோர்க்குப் புரியும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என விதித்தது. சட்டம் பெரும்பான்மையோரைக் கருதிற்று; நச்சுக்காற்றோ பெரும்பான்மை, சிறுபான்மை பார்ப்பதில்லை. 'இறங்காதே, முதலில் காற்றைச் சோதிக்க வேண்டும்' என்னும் சிறு தொடரை அவ்விளைஞன் மொழியில் கூறத் தெரிந்த ஒருவன் அருகில் இருப்பின், ஓர் உயிர் காக்கப்படும். அறிவியலும் மொழியும் சேர்ந்து செய்யும் அறங்களுள் இதனினும் உயர்ந்தது எது?

'கைப்பேசியே எல்லா மொழிகளையும் பெயர்த்துத் தருகிறதே. மனிதன் எதற்காக வருந்திக் கற்றல் வேண்டும்?' என்பது இக்காலத்தார் எழுப்பும் தடை. அக்கருவிகள் பெரிதும் பயன்படுவன. அவற்றை இகழ்தல் முறையன்று. எனினும், கருவியின் பிழையை அறியக் கருவி வேறு அறிவு வேறு. தமிழில் 'நூல்' என்பது பஞ்சிலிருந்து திரித்ததையும் குறிக்கும். புலவன் இயற்றியதையும் குறிக்கும். ஜெர்மன் மொழியில் 'மாஷே' என்பது பின்னலின் ஒரு கண்ணியையும் குறிக்கும். பேச்சு வழக்கில் தந்திரம் என்னும் பொருளையும் தரும். இடமறிந்து பொருள் கொள்ளத் தவறினால், மெண்டலீவின் விதிக்கு நேர்ந்ததே எவ்விதிக்கும் நேரும். கணக்கிடும் கருவி வந்த பின்னும் பெருக்கல் வாய்பாடு கற்பிக்கப்படுவது எதனால்? விடை தவறும்போது 'இது தவறு' என்று ஐயுறும் ஆற்றல் வேண்டும் என்பதனால் அன்றோ? மொழிக்கும் அந்நியாயமே பொருந்தும். மேலும், அஞ்சி நிற்கும் தொழிலாளியிடம் அவன் மொழியில் ஒரு சொல் பேசுவதால் பிறக்கும் நம்பிக்கையை எக்கருவியும் பெற்றுத் தராது.

பாடச்சுமை மிகும் என்பது மற்றொரு தடை. பல மொழிகளை ஒருங்கே கற்க முயல்வோர்க்கே அது சுமை. ஒரு மொழியைத் தேர்ந்து, நாள்தோறும் அரைமணி நேரம் செலவிட்டு, மூன்றாண்டுகள் இடைவிடாது பயில்வோர்க்கு அது சுமையாகாது. எம்மொழியைத் தேர்வது என்பது அவரவர் செல்லும் துறையைப் பொறுத்தது. பின்னற்பொறி பற்றி ஆராய்வோர்க்கு ஜெர்மனோ ஜப்பானியமோ உதவலாம். ஆடை அமைப்புக் கலையில் புகுவோர்க்குப் பிரெஞ்சோ இத்தாலியமோ உதவலாம். தொழிலாளர் நலம் பேணுவோர்க்கு ஒடியாவோ இந்தியோ உதவலாம். ஒன்று மட்டும் உறுதி: மொழி வற்புறுத்தலால் வருவதன்று; தேவையாலும் விருப்பத்தாலும் வருவது. விரும்பிக் கற்ற மொழியே நிலைக்கும்.

அனைத்திற்கும் மேலாக எழுவது தாய்மொழி பற்றிய கவலை. பிறமொழி புகுந்தால் தமிழ் தளரும் என்று அஞ்சுவோர் உளர். தமிழைக் கைவிட்டுப் பிறமொழியைப் பற்றினால் அவ்வச்சம் மெய்யாகும். தமிழில் ஊன்றி நின்று பிறமொழியைப் பயின்றால் தமிழ் வளமுறும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிரீன் 1847இல் யாழ்ப்பாணத்திற்கு வந்தார். தமக்குப் பிறமொழியாகிய தமிழைக் கற்றார். மானிப்பாயில் மாணவர்க்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் ஆகிய துறைகளில் தமிழ் நூல்கள் வெளிவரச் செய்தார். வழக்கறிஞராகிய பெ. நா. அப்புசாமி நெடுங்காலம் ஆங்கில நூல்களைக் கற்று, அறிவியலை எளிய தமிழில் எழுதினார். கோயம்புத்தூரில் ஜி. ஆர். தாமோதரன் 'கலைக்கதிர்' என்னும் இதழின் வாயிலாக அறிவியலையும் பொறியியலையும் தமிழில் பரப்பினார். பிறமொழிக் கடலில் மூழ்கிய இவர்கள் முத்தெடுத்து வந்து சேர்த்த இடம் தமிழே.

ஆதலின், பல்கலைக்கழகங்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தமிழா, பிறமொழியா என்று மாணவனை ஒன்றைத் தேரச் செய்யும் முறை, ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கச் செய்கிறது. முதற்பகுதியில் தமிழ் நிலைத்திருக்க, அதன் மேலும் ஒரு வாழும் மொழியை விரும்புவோர் பயில்வதற்கு இடமும் ஆசிரியரும் அமைத்தல் வேண்டும். அப்பாடம் வாழ்த்துரைகளோடும் உணவுப் பெயர்களோடும் நின்று விடாது, மாணவனின் துறை நூலைப் படிக்கும் அளவுக்கு உயர்தல் வேண்டும். இஃது இயலாத ஒன்றன்று. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தோன்றியபோது, பொறியியல் மாணவர்க்கு ஜெர்மன் மொழியும் பயிற்றப்பட்டது. அங்கு இயன்றது கொங்கு நாட்டுக் கல்லூரிகளில் இயலாது என்று கூறுதல் தகாது. தேர்வும் மாற வேண்டும். அறிவியற் பகுதி ஒன்றைப் பிறமொழியிலிருந்து தெளிந்த தமிழில் தருமாறு கேட்கும் ஒரு வினா, நெட்டுருச் செய்து விடையளிக்கும் பத்து வினாக்களினும் மேலானது.

மேல்நிலைக் கல்வியை முடித்துக் கல்லூரி புகவிருக்கும் மாணவர் ஒவ்வொருவரும் ஒருநாள் விண்ணப்பத்தாளில் மொழிப்பாடத்தைக் குறிக்க வேண்டியவரே. அப்போது 'எதில் மதிப்பெண் மிகுதி?' என்று வினவுதல் எளிது. 'என் அறிவை எது மூலத்தோடு இணைக்கும்? என் ஊருக்கும் உடனுழைப்போர்க்கும் எது பயன்படும்?' என்று வினவுதலே சிறப்பு. தமிழை உயிராகக் கொண்டு, அறிவியலைக் கண்ணாகக் கொண்டு, பிறமொழி ஒன்றை வாயிலாகக் கொண்டு வாழும் இளைஞர் பெருகுவாராயின், நொய்யற்கரையில் நூலும் வளரும், நூலறிவும் வளரும்.